பழைய ரோட்ஸ்டருக்கு மஃப்ளரை வெட்டிவிட்டு நேர்க்குழாய் போடலாமா?

பச்சை ரோட்ஸ்டர் (ஆயர் ஈத்தாம்)

வணக்கம். என்னிடம் இருப்பது 1991 யூனோஸ் ரோட்ஸ்டர், அதாவது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1.6 எஞ்சின், ஐந்து கியர் மேனுவல். புகைக்குழாயின் கடைசியில் சத்தத்தை அடக்கும் டப்பா இருக்கிறதே, அந்தப் பின்பக்க மஃப்ளரின் அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. குண்டு குழியில் ஏறி இறங்கினால் உள்ளே ஏதோ தகடு கலகலவென்று ஆடுகிறது. பினாங்குத் தீவிலேயே ஒரு எக்சோஸ் (புகைக்குழாய்) கடையில் காட்டினேன். மஃப்ளரை வெட்டி எறிந்துவிட்டு இரண்டரை அங்குல ஸ்டெயின்லெஸ் குழாயை நேராகப் பின்னால் இழுத்துவிடலாம், பவரும் கூடும் என்கிறார்கள். ஜப்பானிலிருந்து அசல் மஃப்ளர் வரவழைத்தால் செலவு அதைவிட அதிகம். சத்தம் எனக்குப் பிடிக்கும், மறைக்கவில்லை. ஆனால் மஃப்ளரே இல்லாமல் ஓட்டுவது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெலுக் பஹாங் வளைவு

தம்பி, தாராளமாகப் போடுங்கள். கூரையை இறக்கிவிட்டு தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் பக்கம் மலைப்பாதையில் ஒரு தடவை போய் வந்தால் நான் சொல்வது புரியும். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறது என்று காதுதான் சொல்ல வேண்டும். மீட்டரைக் குனிந்து பார்த்தால் வளைவு கைவிட்டுப் போகும்.

இன்றைக்கு வரும் சில புதிய கார்களில் எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாக உள்ளே விடுகிறார்கள். உங்கள் கையில் இருப்பது நிஜமான சத்தம் போடும் கார். அதன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வதுதான் மஃப்ளர். பொத்தினால் பவர் எங்கிருந்து வரும்?

அசல் பாகம் (பட்டர்வொர்த்)

மூக்கைப் பொத்துகிற கதையை நான் ஏற்க மாட்டேன். 1989-இல் அந்தக் கார் வந்தபோது எக்சோஸ் சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்பதையே ஒரு வேலையாக எடுத்து மாஸ்டா பொறியாளர்கள் செய்தார்கள். பழைய திறந்த ஸ்போர்ட்ஸ் கார்களின் சத்தம் மனதில் இருந்தது அவர்களுக்கு. எஞ்சினிலிருந்து இறங்கும் மேனிஃபோல்டைப் பாருங்கள், கம்பெனியே தனித்தனிக் குழாய்களாக ஸ்டெயின்லெஸில் வளைத்துக் கொடுத்திருக்கிறது. அந்த விலைக்கு விற்ற காரில் அப்படிச் செய்தவர்கள் கடைசி டப்பாவில் வந்து எஞ்சினை நெரித்துவிட்டார்களா?

ஜப்பான் விற்பனைக்கு வந்த 1.6-இல் 120 குதிரைத்திறன். இந்தச் சின்ன எஞ்சினுக்குப் பின் மஃப்ளரை மட்டும் மாற்றிக் கிடைப்பது எஞ்சின் திறனை அளக்கும் டைனோவில் ஏற்றினால்கூடத் தேடிப் பார்க்க வேண்டிய அளவுதான். முப்பது வருடத்துக்கு மேலான கார் அது. வெட்டிய இடம் வெட்டியதுதான். அசலாக இருக்கும் முதல் தலைமுறைக் கார் நம் நாட்டில் எத்தனை மிச்சம் இருக்கும் என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

ஆறாவது மாடி (கெலுகோர்)

என்னிடம் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சில் சத்தம் கேட்கிறவர்களைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வரி எழுதவில்லை.

நான் நர்ஸ். இரவு வேலை முடிந்து காலையில் வந்து படுப்பேன். எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே ஒருவர் இப்படித்தான் குழாய் மாற்றி வைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் பிளாக், நடுவில் கார் நிறுத்துமிடம், எல்லாம் சிமெண்ட். சத்தம் போக வழியில்லாமல் மோதி மோதி மேலே ஏறுகிறது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து எழுந்தால் அப்புறம் தூக்கம் வராது. அதே தூக்கக் கலக்கத்தோடு இரவு வார்டில் மருந்து அளந்து கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டில் பிறந்து ஒரு மாதமான குழந்தை. மேல் மாடியில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஒரு பெரியவர். மலைப்பாதையில் உங்களுக்குக் கிடைக்கிற சந்தோஷம் எனக்குப் புரிகிறது. ஆனால் கார் மலைப்பாதையிலா தூங்குகிறது? எங்கள் வீட்டுக்குக் கீழேதானே வந்து நிற்கிறது.

சட்டமும் இருக்கிறது. வாகனச் சத்தத்துக்கென்றே சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் 1987-இல் விதிகள் கொண்டுவந்தார்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே பிடித்தால் சம்மன்தான்.

தெலுக் பஹாங் வளைவு

அக்கா, உங்கள் கஷ்டத்தைச் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் விடியற்காலையில் ஒட்டுமொத்தக் குடியிருப்பையும் எழுப்புகிற மோட்டார்சைக்கிள்களை விட்டுவிட்டு, வாரக் கடைசியில் மட்டும் வெளியே வரும் ஒரு பழைய காரைக் குற்றவாளி ஆக்குவது நியாயமா? என் காரிலும் குழாய் மாற்றியதுதான். வீட்டருகே எஞ்சினை நிமிடத்துக்கு 2,000 சுற்றைத் தாண்ட விடுவதில்லை. ஓட்டுகிறவர் கால்தான் சத்தம் போடுகிறது, குழாய் அல்ல.

ஆறாவது மாடி (கெலுகோர்)

காலை அடக்கிக்கொள்ளலாம். ஸ்டார்ட் செய்வதை எப்படி அடக்குவீர்கள்? எங்கள் கீழ்வீட்டுக்காரரும் ஆக்ஸிலேட்டரைத் தொடுவதில்லை. சாவியைத் திருப்பியதுமே அது தானாக உறுமுகிறது, பல நிமிடம் அப்படியே நிற்கிறது. மோட்டார்சைக்கிளாவது வந்து போய்விடும்.

ஜெலுத்தோங் வெல்டர்

அந்த அம்மா சொல்வது உண்மை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் சூடாகும் வரை ஐட்லிங், அதாவது கார் நிற்கும்போது எஞ்சின் ஓடும் சுற்று, கூடுதலாகத்தான் நிற்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாலும் குறையாது. நேர்க்குழாய் போட்ட காரில் அந்த நேரம்தான் மோசம்.

நான் எக்சோஸ் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். குழாய் வளைத்துத்தான் சாப்பிடுகிறேன், அதனால் மாற்றவே கூடாது என்று சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தக் கடைக்காரர் சொன்ன இரண்டும், அதாவது இரண்டரை அங்குலமும் மஃப்ளர் இல்லாத நேர்க்குழாயும், இந்தக் காருக்குத் தப்பு.

முதலில் உங்கள் டப்பாவுக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். இந்த மாதிரி மஃப்ளரைக் கட்டரால் பிளந்தால் முதலில் கொட்டுவது தண்ணீர். காப்பி நிறத்தில், மூக்கைத் துளைக்கும் புளிச்ச வாடையோடு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. நீண்ட தூரம் ஓட்டினால் மஃப்ளர் நன்றாகச் சூடேறி அதைத் துரத்திவிடும். ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் போய்வந்தால் சூடேறாது, ஆவி உள்ளேயே தண்ணீராகித் தேங்கும். புகையில் இருக்கும் அமிலமும் அதில் கலந்து தகட்டை உள்ளிருந்து தின்கிறது. வெளியே ஓட்டை தெரியும்போது உள்ளே தடுப்புத் தகடு பற்று விட்டிருக்கும். நீங்கள் கேட்கிற கலகலப்பு அதுதான். ஒட்டுப் போட்டுப் பயனில்லை.

இப்போது பவர். எஞ்சினுக்கு எதிரழுத்தம், அதாவது புகையை எதிர்த்துக் குழாயில் நிற்கும் அழுத்தம், வேண்டும் என்று ஒரு கூட்டமும், குழாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று இன்னொரு கூட்டமும் சொல்லும். இரண்டும் சரியில்லை. எதிரழுத்தத்தால் எந்த எஞ்சினுக்கும் லாபம் கிடையாது. எஞ்சினுக்கு வேண்டியது புகை வேகமாக ஓடுவது. ஒரு சிலிண்டரின் புகை வேகமாகப் போனால் பின்னால் அழுத்தம் குறைந்து அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துவிடும். டர்போ இல்லாத 1.6-க்கு இரண்டரை அங்குலம் போட்டால் புகை அகலமான இடத்தில் வேகம் இழந்து குளிர்ந்து சோம்பிவிடும். கீழ்ச்சுற்றில் கார் மந்தமாகும். சத்தம் கூடியிருப்பதால் வேகம் கூடியதாக ஓட்டுபவருக்குத் தோன்றும். இந்த எஞ்சினுக்கு இரண்டு அங்குலம் போதும், தாண்டினால் இரண்டேகால்.

மஃப்ளரிலும் இரண்டு வகை உண்டு. உங்கள் அசல் டப்பாவில் அறை அறையாகத் தடுத்துப் புகையைத் திருப்பித் திருப்பி விடுவார்கள். இன்னொன்று, துளையிட்ட குழாய் நேராக உள்ளே ஓடும், சுற்றிலும் கண்ணாடி இழையோ ஸ்டீல் கம்பளியோ அடைத்திருக்கும். அதில் புகைக்குத் தடையே இல்லை, சத்தத்தின் கூர்மையை மட்டும் அடைப்பு உறிஞ்சிக்கொள்ளும். தெலுக் பஹாங் வளைவு தம்பி கேட்கிற திறந்த ஓட்டம் அதிலேயே கிடைக்கிறது. அப்புறம் எதற்கு மஃப்ளரே இல்லாமல் ஓட்ட வேண்டும்?

தெலுக் பஹாங் வளைவு

அண்ணே, கணக்கு எல்லாம் சரி. ஆனால் அந்த அடைப்பு சில வருடத்தில் எரிந்து தூளாகி வெளியே போகிறது. அப்புறம் அதுவும் நேர்க்குழாய்தான். இன்னொன்று, அடைத்த மஃப்ளரில் சத்தம் தட்டையாக வருகிறது. மேல்சுற்றில், 6,000-க்கு மேலே, நேர்க்குழாயில் கேட்கும் அந்த உலோகக் குரல் அதில் வராது. பவருக்காக மட்டும் நான் பேசவில்லை. அந்தக் குரலுக்காகவும்தான்.

ஜெலுத்தோங் வெல்டர்

அடைப்பு போவது உண்மை. அதனால்தான் பின் மூடியை ரிவெட் அடித்துக் கழற்றும்படி செய்கிற மஃப்ளரை வாங்கச் சொல்வேன். அடைப்பை மாற்றுவது அரை நாள் வேலைகூடக் கிடையாது. குரல் விஷயத்தில் உங்களோடு வாதம் இல்லை, அது உங்கள் காது.

பச்சை ரோட்ஸ்டர்

எல்லாருக்கும் நன்றி. வெல்டர் பெரியவரிடம் ஒன்று கேட்க வேண்டும். மாதம் ஒரு முறை ஈப்போவுக்கு வீட்டைப் பார்க்கப் போவேன். பிளஸ் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது இந்த மாதிரிக் கார்களில் மண்டைக்குள் ஊம்ம்ம் என்று ஒரு சத்தம் நிற்கும், தலை வலிக்கும் என்கிறார்களே. அதற்கு வழி உண்டா?

ஜெலுத்தோங் வெல்டர்

உண்டு. நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கிறது. உங்கள் காரில் ஐந்தாவது கியரில் 110 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 3,500 சுற்று ஓடும். நிமிடத்துக்கு 7,000 வெடிப்பு, வினாடிக்கு 117 வருகிறது. அந்த 117 ஹெர்ட்ஸ்தான் காருக்குள் ஊம்ம்ம் என்று நிற்பது. பினாங்குப் பாலத்தில் 80-இல் போனால் 85 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், அங்கே அவ்வளவாகத் தெரியாது.

இதை அடக்க மஃப்ளருக்கு முன்னால் குழாயில் ஒரு கிளைக்குழாய் ஒட்டி அதன் மறுமுனையை அடைத்துவிட வேண்டும். உள்ளே போகிற சத்த அலை மூடிய முனையில் மோதித் திரும்பி, சரியாக எதிர் நேரத்தில் வந்து அந்தச் சத்தத்தையே அழிக்கும். நீளம் அந்த அலையில் கால் பங்கு இருக்க வேண்டும். சூடான புகையில் சத்தம் வேகமாக ஓடும், 117-க்குச் சுமார் ஒரு மீட்டர் வரும். கிளைக்குழாயில் புகை ஓடாமல் தேங்கி நிற்பதால் சூடு குறைவு, அதனால் கொஞ்சம் குட்டையாகும். ஒரு மீட்டரில் வெட்டிப் பற்றவைத்து, ஓட்டிப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பேன். வண்டி தாழ்வானதுதான், வளைத்துவிட்டால் அடியில் இடம் இருக்கிறது.

அசல் பாகம் (பட்டர்வொர்த்)

வெல்டர் சொல்கிற முறையில் செய்தால் என் எதிர்ப்பு பாதி குறைகிறது. ஆனால் யாரும் சொல்லாத ஒன்று பாக்கி. இது கூரை திறந்த கார். ஓடும்போது பின்பக்கம் காற்றழுத்தம் குறைந்து, காருக்குப் பின்னால் இருக்கும் காற்று சுழன்று இருக்கைப் பக்கம் வரும். குழாயைப் பம்பருக்கு உள்ளேயே குட்டையாக வெட்டி நிறுத்தினால் அந்தக் காற்றோடு புகையும் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தலைவலி வந்த பிறகுதான் தெரியும். குழாயின் வாய் பம்பரைத் தாண்டி வெளியே நிற்க வேண்டும். அழகுக்காகக் குட்டையாக வைக்கிற கடைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் யாரும் கை வைக்க விடாதீர்கள். அசல் டப்பாவைக் கடையில் விட்டுவிட்டும் வராதீர்கள், ஓட்டையானாலும் பிடிமானத்துக்கு அளவெடுக்க அது வேண்டும். நாளைக்குக் காரை விற்றுப் பெயர் மாற்றும்போது சோதனைக்குப் போக வேண்டியிருக்கிறது, அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது மாடி (கெலுகோர்)

நான் கேட்பது ஒன்றே. குழாய் போட்ட மறுநாள் காலையில் நீங்கள் காரில் உட்கார வேண்டாம். வேறு யாரையாவது ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, உங்கள் பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள். சத்தம் 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். ஓட்டுகிறவர் காதை மட்டும் வைத்து அதை முடிவு செய்ய முடியாது.

தெலுக் பஹாங் வளைவு

அக்கா சொன்ன சோதனையை நானும் செய்து பார்க்கிறேன், அதில் தவறில்லை. ஆனால் என் குழாயை நான் மாற்றப் போவதில்லை. தம்பி, உங்கள் கார், உங்கள் முடிவு. இரண்டேகால் அங்குலத்துக்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள் என்பது என் கருத்து.

பச்சை ரோட்ஸ்டர்

முடிவு செய்துவிட்டேன். நேர்க்குழாய் வேண்டாம். இரண்டு அங்குலம், அடைப்பு மாற்றக்கூடிய மஃப்ளர், அந்தக் கிளைக்குழாயும் சேர்த்து. எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார், முதலில் அவரிடம் சொல்லிவிட்டு அவர் அறையிலிருந்தே கேட்கிறேன். வளைவு அண்ணே, உங்கள் காரை ஒரு நாள் பாலிக் புலாவில் கேட்க வேண்டும். பெரியவரே, உங்களிடமே கொண்டுவரட்டுமா?

ஜெலுத்தோங் வெல்டர்

சனிக்கிழமை காலையில் வாங்க. எஞ்சின் ஆறியிருக்கட்டும், சூடான குழாயில் கை வைக்க முடியாது. 304 ஸ்டெயின்லெஸ்தான் போடுவேன், சாதாரண இரும்பைவிடக் கடல் காற்றை அது நன்றாகத் தாங்கும். டிக் வெல்டிங், குழாய்க்கு உள்ளேயும் ஆர்கான் வாயு விட்டுத்தான் பற்றவைப்பேன். உள்பக்கம் கருகிய பற்று சீக்கிரம் துருப்பிடிக்கும். வரும்போது குழாயைத் தாங்கும் தொங்கு ரப்பர் நாலைந்து புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள், பழையது இழுத்தால் அறுந்துவிடும். அசல் டப்பாவை நானே கட்டி உங்கள் காரின் பின்பெட்டியில் வைத்து அனுப்புகிறேன்.