அன்பியக் குடில் போட்டி: குப்பை சேராமல் நடத்த விதிமுறைகளை எப்படி எழுதுவது?

கேள்வி: தென்கரையாள்

அனைவருக்கும் திருவருகைக் கால வாழ்த்துகள். தூத்துக்குடி மாவட்டத்தின் கடற்கரைக் கத்தோலிக்கப் பங்கு (ஒரு கோவிலைச் சேர்ந்த மக்கள் சமூகம்) ஒன்றில் நான் அன்பிய ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். அன்பியம் என்பது பங்கிலுள்ள அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு. கிறிஸ்துமஸை ஒட்டி எங்கள் பங்கில் ஆண்டுதோறும், இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில் அமைப்பதில் அன்பியங்களுக்கிடையே போட்டி நடக்கும். வைக்கோலும் பனையோலையுமாக இருந்த குடில்கள், பரிசுத் தொகை கூடக் கூட, தெர்மாகோல் மலை, ஜிகினாத் தூள் தூவிய பஞ்சுப் பனி, பிளாஸ்டிக் புல்விரிப்பு, மோட்டார் வைத்த அருவி என்று வளர்ந்துவிட்டன. மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்ததும் இவையனைத்தும் கோவிலுக்குப் பின்புறம் வந்து குவிகின்றன. உடைந்த தெர்மாகோல் குருணை குருணையாக உதிர்ந்து, வலை காயப்போடும் மணல்வரை பறந்துபோகிறது. அதைப் பொறுக்கி மாளாது என்று கடற்கரையில் வேலை செய்பவர்கள் சலித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

இந்த ஆண்டு விதிமுறைகளை எழுதும் பொறுப்பைப் பங்குத்தந்தை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். ‘இயற்கைப் பொருள்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும்’ என்று ஒரு வரி போட்டால் போதும் என்பது பங்குப் பேரவையில் சிலருடைய கருத்து. அப்படி எழுதினால், அன்பியங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக் மரத்தையும் பொம்மைகளையும் எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள் என்று நாமே சொன்னதாகிவிடுமோ என்று எனக்குத் தயக்கம். மதிப்பெண்களை எப்படிப் பிரிக்கலாம்? மலைக்கும் புல்லுக்கும் பனிக்கும் கைவசம் என்ன மாற்று இருக்கிறது? குடில் திறப்பன்று எல்லோருக்கும் கொடுக்கும் சாப்பாட்டையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: சாக்குமலை

முதலில் ஒரு தகவல், விதிமுறையில் இது முதல் வரியாகவே இருக்கட்டும். அலங்காரத்துக்கான தெர்மாகோலைத் தயாரிப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. கடைகளில் இன்னமும் கிடைக்கிறது என்பது வேறு கதை. எனவே இதில் மதிப்பெண் குறைப்பது பற்றிய பேச்சுக்கே இடமில்லை. புதிய தெர்மாகோல் இருந்தால் அந்தக் குடில் போட்டியில் சேராது என்று எழுதிவிடலாம்.

மலைக்குச் சாக்கைப் போல் வேறொன்று கிடையாது. செங்கல், உடைந்த ஓடு, காலிப் பெட்டி என்று எது கிடைக்கிறதோ அதை மேடும் பள்ளமுமாக அடுக்கிக்கொள்ளுங்கள். களிமண்ணைத் தோசை மாவுப் பதத்தில் கரைத்து, பழைய சணல் சாக்கைப் பிரித்து அதில் முக்கியெடுத்து, சொட்டச் சொட்ட அதன்மேல் போர்த்துங்கள். விரைப்பாக இழுத்துக் கட்டக் கூடாது. தானாக விழும் மடிப்புகள்தாம் காய்ந்தபின் பாறையின் விரிசல்களாகத் தெரியும். ஈரம் இருக்கும்போதே சுண்ணாம்புத் தூளையோ செம்மண்ணையோ மடிப்பின் விளிம்புகளில் மட்டும் தூவினால் வெளிச்சமும் நிழலும் பிரிந்து தெரியும். நன்றாகக் காய்வதற்கு மூன்று நான்கு நாள் பிடிக்கும் என்பதால், மார்கழிப் பனி இறங்கும் இடத்தில் விட்டுவிடாமல் கூரைக்கடியில் வைத்துச் செய்யுங்கள். பிரித்த பிறகு சாக்கை உதறினால் மண் தோட்டத்துக்குப் போகும், சாக்கு அடுத்த ஆண்டுக்கு இருக்கும்.

புல்லுக்குக் கேழ்வரகு போதும். முதல்நாள் இரவு ஊறவைத்து, தட்டில் விரலளவு மண் பரப்பி, நெருக்கமாகத் தூவி, மேலே ஈரத்துணி போட்டு மூடுங்கள். முளை கண்டதும் துணியை எடுத்துவிட்டு, கையால் தெளித்துத் தெளித்து நீர் விட்டால், ஒரு வாரம் பத்து நாளில் குழந்தை முடிபோல் எழும்பி நிற்கும். டிசம்பர் 14 வாக்கில் விதைத்தால் திறப்புக்குச் சரியாக இருக்கும். எலியும் அணிலும் மோப்பம் பிடித்து வந்துவிடும், அதற்கு மட்டும் காவல் தேவை. பனியைப் பற்றி என்னைக் கேட்டால், பெத்லகேமைக் காட்டப் பனி எதற்கு என்றுதான் சொல்வேன். பஞ்சும் ஜிகினாவும் மேலைநாட்டு வாழ்த்து அட்டைகளிலிருந்து வந்தவை. ஜிகினாத் தூள் என்பது மினுமினுக்கும் பிளாஸ்டிக் துணுக்கு. மண்ணில் கலந்துவிட்டால் எந்தத் துடைப்பத்துக்கும் அகப்படாது.

புதிதாகச் சிலைகள் வாங்கியே ஆகவேண்டும் என்றால், மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரியில் குடில் பொம்மைகள் செய்கிறார்கள். அங்கே பாரிஸ் சாந்திலும் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) காகிதக் கூழிலும்கூடச் செய்கிறார்கள் என்பதால், களிமண் பொம்மை வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும்.

பதில் 2: சமாதானபுரம் வாசகர்

பிளாஸ்டிக் மரத்தைப் பற்றிய உங்கள் தயக்கம் சரியானது. பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் நிறுவனம் போட்ட கணக்கின்படி, இரண்டு மீட்டர் உயரமுள்ள செயற்கை மரம் ஒன்று ஏறத்தாழ 40 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான சுமையைத் தருகிறது. அதே உயரத்தில் வெட்டிய மரத்தைக் குப்பைமேட்டில் அழுகவிட்டால் 16 கிலோ, எரித்தாலோ தூளாக்கி மண்ணில் போட்டாலோ 3.5 கிலோதான். செயற்கை மரத்தின் சுமையில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே ஏறிவிடுகிறது; ஆகவே வாங்கிவிட்ட மரத்தைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் வைத்துக்கொள்வதுதான் அதற்குச் செய்யக்கூடிய ஒரே பரிகாரம். கையில் இருப்பதை எறியச் சொல்லும் விதி எதையும் எழுதாதீர்கள்.

மரமே இல்லாத அன்பியங்கள் நம் ஊர் வழக்கப்படி சவுக்குக் கிளையை நட்டுக்கொள்ளட்டும். சவுக்கு நம் மாநிலத்தில் கம்புக்காகவும் காகிதக் கூழுக்காகவும் வளர்க்கப்படும் பயிர் என்பதால், தோப்புக்காரரிடம் விலைக்கு வாங்கும் நுனிக்கிளையால் காடு அழிந்துவிடாது. பண்டிகை முடிந்தால் அடுப்புக்கு ஆகும். ஆனால் உங்களுடையது கடற்கரை ஊர் என்பதால் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு கடலோரமெங்கும் காற்றுக்கும் அலைக்கும் தடுப்பாகச் சவுக்கு நடப்பட்டது. அந்த வரிசையில் யாரும் அரிவாளை வைக்கக் கூடாது என்பதை விதிமுறையிலேயே சேர்த்துவிடுங்கள்.

நட்சத்திரத்துக்குள் போடும் விளக்கையும் கவனியுங்கள். 60 வாட் குண்டு பல்பை நாளுக்கு ஆறு மணி நேரமாக முப்பது நாள் எரித்தால் 10.8 யூனிட் ஆகும். 7 வாட் எல்.இ.டி.க்கு 1.26 யூனிட்டே ஆகும். மின்கட்டணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சூடு. மூங்கில் சிம்பில் காகிதம் ஒட்டிச் செய்த நட்சத்திரத்துக்குள் குண்டு பல்பைப் போட்டால் காகிதம் பழுப்பேறிப் பொரிந்துவிடும் என்று பயந்துதான் பலர் பிளாஸ்டிக் நட்சத்திரத்துக்கு மாறினார்கள். எல்.இ.டி. வந்தபின் அந்தப் பயத்துக்கு வேலையில்லை. உங்களுக்குப் பக்கத்து மணப்பாட்டில் பனையோலையில் பெட்டி முடையும் பெண்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், ஓலையில் நட்சத்திரம் முடைந்து தருவதும் அவர்களுக்குக் கடினமாக இருக்காது.

பதில் 3: ஒத்துக்கொள்ளாதவன்

மேலே உள்ளவை நல்ல யோசனைகளே. எனினும், ‘சுற்றுச்சூழலுக்கு 20 மதிப்பெண்’ என்று தனித் தலைப்பு ஒன்றைப் போட்டால் என்ன நடக்கும் என்பதை நான் பார்த்த ஓர் ஊரை வைத்துச் சொல்கிறேன். அந்த இருபதைப் பிடிப்பதற்காகவே தென்னைநார் விரிப்பு, சாயம் ஏற்றிய காய்ந்த பூ, வெளியூரிலிருந்து லாரியில் மூங்கில் என்று புதிதாக வாங்கிக் குவித்தார்கள். குவியல் குறையவில்லை, அதன் நிறம்தான் பச்சையாயிற்று. நாம் வாங்கும் பழக்கத்தை விட்டுவிட்டு வாங்கப்படும் பொருளை மட்டும் குறை சொல்கிறோம் என்பது என் எண்ணம்.

பிரம்மாண்டம் இல்லாவிட்டால் குடிலுக்கு அழகில்லை என்போருக்கு ஒன்றை நினைவூட்டலாம். 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித அசிசி பிரான்சிஸ் அமைத்த குடிலில் இருந்தவை தீவனத் தொட்டியும் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும்தான். வழிபாடு முடிந்ததும் மாடு தொழுவத்துக்குப் போயிருக்கும், மீதியை மாடே தின்றிருக்கும். சுற்றுச்சூழலின் பாதுகாவலராக 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அறிவித்ததும் இதே பிரான்சிஸைத்தான்.

என் ஆலோசனை இது: நடுவர்கள் இரண்டு முறை வரட்டும். டிசம்பர் 24 இரவு பார்த்துப் பாதி மதிப்பெண் போடட்டும். மீதிப் பாதியைக் குடிலைப் பிரிக்கும் நாளில் போடட்டும். பிரித்த பொருள்களில் எது அலமாரிக்குத் திரும்புகிறது, எது மாட்டுக்கோ மண்ணுக்கோ போகிறது, எது குப்பை வண்டிக்குப் போகிறது என்று மூன்று குவியலாக வைத்துக் காட்ட வேண்டும். மூன்றாவது குவியல் எவ்வளவு சிறியதோ அவ்வளவு மதிப்பெண். இப்படிச் செய்தால் பழைய பிளாஸ்டிக் மரத்தை மடித்து உள்ளே வைப்பவருக்கு இழப்பில்லை. புதிதாக வாங்கி எறிபவர், வாங்கியது ஓலையே ஆனாலும், யோசிப்பார்.

பதில் 4: அசனக்காரி

நான் திருநெல்வேலிப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள். குடிலைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது, சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பண்டிகை அசனத்தில் (பொது விருந்தில்) ஊரே பந்தியில் உட்காரும். சோறும் கறிக்குழம்பும் வாழையிலையில் விழும், எச்சில் இலை மாட்டுக்குப் போகும். வீட்டில் இருக்கும் வயதானவர்களுக்கு வாளியில் வாங்கிப் போவார்கள். குப்பை சேர ஆரம்பித்தது பந்தியை விட்டுவிட்டுப் பொட்டலத்துக்கு மாறியபோதுதான்.

பலருக்கும் தெரியாத செய்தி, காகிதக் கோப்பை காகிதத்தால் மட்டும் ஆனதல்ல. உள்ளே பிளாஸ்டிக் பூசியிருப்பதால், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் தடைப் பட்டியலில் அதுவும் உண்டு. சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், தண்ணீர்ப் பொட்டலம், துணிபோல் தோன்றும் நெய்யாத பை ஆகியவையும் 2019இல் அதே பட்டியலில் இடம்பெற்றன. எனவே தேநீருக்கு எவர்சில்வர் தம்ளரே சிறந்தது. சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுபவரிடம் தம்ளரும் கிடைக்கும். கழுவுவதற்கு ஆள் பிடிப்பதுதான் உண்மையான சிக்கல். எங்கள் வாலிபர் சங்கம் அதை ஆண்கள் வேலை என்று ஒதுக்கிக்கொண்டபின், பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் இதற்கு எதிர்ப்பே இல்லாமல் போயிற்று.

கேக்கைத் தனித்தனி உறையில் கட்டாமல், பெரிய தட்டில் துண்டு போட்டுக் கையில் கொடுங்கள். வீடுகளுக்கு அனுப்புவதாக இருந்தால் முந்திரிக்கொத்தோ அச்சுமுறுக்கோ தூக்குவாளியில் போகட்டும். கொடுத்த வாளி வெறுமையாகத் திரும்பி வருவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. பக்கத்து வீட்டுப் பலகாரமும் கூடவே வரும்.

தென்கரையாள் (கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. இருமுறை மதிப்பெண் போடும் யோசனையைப் பங்குத்தந்தையிடம் சொன்னேன், அவருக்கும் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு சிக்கல்: பிரிக்கும் நாளில் நடுவர்கள் வருவதற்குள் மூன்றாவது குவியலை யாராவது எரித்துவிட்டால் என்ன செய்வது? எங்கள் ஊரில் அது நடக்கக்கூடியதே. மேலும், பரிசை 24ஆம் தேதி இரவே கொடுத்துப் பழகிவிட்டதால், தள்ளிப்போட்டால் சலசலப்பு எழும்.

பதில் 5: ஒத்துக்கொள்ளாதவன்

எரித்ததற்கான தடம் தெரிந்தால் இரண்டாம் பாதியில் பூச்சியம் என்று எழுதிவிடுங்கள். சாம்பலை ஒளித்துவைப்பது எளிதல்ல. பரிசைத் திருக்காட்சிப் பெருவிழாவுக்கு (மூன்று இராசாக்கள் திருநாளுக்கு) அடுத்த ஞாயிறு திருப்பலி முடிவில் கொடுக்கலாம். 24ஆம் தேதி இரவு முதற்பாதி மதிப்பெண்களைக் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால், பின்தங்கிய அன்பியங்கள் எதையும் எரிக்காமல் பத்திரமாகப் பிரிப்பதில் கண்ணாக இருப்பார்கள். நடுவர்களில் ஒருவராக, கோவிலுக்குப் பின்புறம் குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குவியலைப் பார்த்த மாத்திரத்தில் எடை சொல்ல அவரால்தான் முடியும்.