தனியாளாகப் பெரிய கட்லா: கரைக்கு எடுப்பதும் திருப்பி விடுவதும்

தூண்டிலில் மாட்டிய பெரிய கட்லா மீன் பெரும்பாலும் கரைக்கு வரும் கடைசி இரண்டு மீட்டரில்தான் கழன்று போகும். கூட ஆள் இருந்தால் வலையை அவர் பார்த்துக்கொள்வார். தனியாளுக்கு ஒரு கையில் ராடு (தூண்டில் கோல்), மறு கையில் வலை. அதனால் தூண்டில் போடும் முன்பே வலையை விரித்து, தண்ணீர் ஓரத்தில் கைக்கு எட்டும்படி வைத்துவிடுங்கள். வலையின் கம்பு இரண்டு மீட்டருக்குக் குறைய வேண்டாம். முடிச்சில்லாத, ரப்பர் பூசிய வலையே நல்லது. முடிச்சுப் போட்ட நைலான் செதிலையும் மேல் வழவழப்பையும் உரித்துவிடும்.

மீன் ஒருக்களித்து மேலே வரும்வரை வலையைத் தொடாதீர்கள். ராடு நுனிக்கும் மீனுக்கும் நடுவே ராடின் நீளத்துக்கு நரம்பு (தூண்டில் நூல்) இருக்கட்டும்: பத்தடி ராடு என்றால் பத்தடி. அதற்கு மேல் சுற்றினால் ராடைத் தாழ்த்த வேண்டிவரும், மீன் எட்டாத தூரத்திலேயே நிற்கும். அந்த நிலையில் ஒரு ஓட்டம் ஓடினால் நுனி ஒடியும். நரம்பு கூடிப்போனால் ராடை எவ்வளவு சாய்த்தாலும் மீன் வலை வாய்க்கு வராது. வலையை முழுக்க முக்கி அசையாமல் பிடித்து, ராடைத் தோளுக்குப் பின்னால் சாய்த்து, தலை முதலில் வருமாறு வலைமேல் இழுங்கள். வலையோடு மீனைத் துரத்தினால் முள் (தூண்டில் கொக்கி) வலைக்கண்ணில் மாட்டும், மீன் போய்விடும்.

*

டிராக் பற்றிச் சேர்க்கிறேன்: மீன் இழுக்கும்போது ரீல் (நரம்பு சுற்றும் உருளை) எவ்வளவு இறுக்கத்தில் நரம்பை விடுகிறது என்பதுதான் அது. நரம்பின் தாங்குதிறனில் நாலில் ஒரு பங்கு போதும். 8 கிலோ நரம்புக்கு 2 கிலோ. ஸ்பிரிங் தராசை நரம்பில் மாட்டி இழுத்தால் தெரிந்துவிடும். கட்லாவுக்கு வாயில் பல் கிடையாது, தொண்டையில்தான். இறுக்கிவைத்தால் நரம்பு தாங்கும், முள் பிடித்த இடம் கிழியும். அதற்காகத் தளர்த்திவிட்டு அரைமணி நேரம் ஓடவிடுவதும் தப்பு. கோடையில் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, ஓடஓடத் தசையில் லாக்டிக் அமிலம் சேரும். நன்றாக நீந்திப் போன மீன்கூடச் சில மணி நேரம் கழித்துச் செத்து மிதக்கலாம். திருப்பி விடுவதாக இருந்தால் கோடையில் நடுப்பகலைத் தவிர்த்து விடியற்காலையில் போவது மேல்.

வலைக்குள் வந்ததும் முதலில் ரீலின் பெயிலை (நரம்பைப் பிடித்திருக்கும் கம்பி வளைவை) திறங்கள். மறந்தால் ஒரே துள்ளலில் ராடும் தண்ணீருக்குள் போகும். வலையின் கம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், இணைப்பில் முறியும். வளையத்தை இரு கையாலும் பிடியுங்கள்.

*

முள் எடுப்பதும் தண்ணீரிலேயே நடக்கட்டும். முள்ளில் இருக்கும் எதிர்ப்பல்லை (பின்னோக்கி நீட்டிய சிறு கூரை) வீட்டிலேயே குறடால் நசுக்கிவிட்டால் முள் வந்த வழியே வழுக்கி வரும். தனியாளுக்கு இதில் இன்னொரு லாபம்: மீன் துள்ளி முள் உங்கள் விரலில் ஏறினாலும் உருவிவிடலாம். மும்முனை முள் வேண்டவே வேண்டாம். ஆழமாக விழுங்கியிருந்தால் நோண்டாமல், வாயோரமாக நரம்பை வெட்டிவிடுங்கள்.

எடைக்காகத் தூக்க வேண்டியதில்லை. நீளம், சுற்றளவு இரண்டையும் செ.மீ.யில் அளந்து, நீளம் × சுற்றளவு × சுற்றளவு, அதை 28,900ஆல் வகுங்கள். 80 நீளம், 60 சுற்றளவு என்றால் ஏறக்குறைய 10 கிலோ. படம் எடுப்பதானால் கையை நனைத்து, வால் அடியில் ஒரு கை, முன்துடுப்புக்குக் கீழே ஒரு கை, பத்து விநாடி. செவுளில் விரல் போகக்கூடாது. வெயிலில் காய்ந்த பாறையில் கிடத்துவது பொரிப்பதற்குச் சமம்.

விடும்போது நிமிர்த்திப் பிடியுங்கள், ஆற்றில் என்றால் தலை நீரோட்டத்தைப் பார்த்து. முன்னும் பின்னும் ஆட்டும் பழக்கம் கெடுதல். பின்னால் இழுக்கும்போது செவுளில் தண்ணீர் தலைகீழாகப் போகும். வாலை உதறும்வரை பொறுங்கள். முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள்: காவிரியில் முதலை உண்டு, அணை திறந்தால் தண்ணீரும் திடீரென ஏறும்.

கட்லா கங்கைப் பக்கத்து மீன், நம் அணைகளில் குஞ்சு விட்டு வளர்ப்பது. சமைத்தாலும் குற்றமில்லை, அனுமதி வாங்கியிருந்தால். காவிரியின் திமில் மஹசீர் அப்படியில்லை, 2018 முதல் ஐ.யூ.சி.என். (உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) பட்டியலில் மிக அருகிய இனம். தவறி மாட்டினால் வலையைவிட்டுக்கூட வெளியே எடுக்காமல் விடுங்கள். அயல்நாட்டு ஆக்கிரமிப்பு மீனான ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்தால் மட்டும் திரும்ப விடவே கூடாது.