மறுமொழி: கம்ப்ரசருக்குத் தமிழ்ச் சொல்: வீச்சொடுக்கி?

> ‘சமனி’ என்றே வைக்கலாமே, எல்லோருக்கும் புரியும்

வணக்கம். ஒலிப்பதிவில் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரசருக்குச் சமனி வேண்டாம். பாஸ், டிரெபிளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் தமிழில் சொல்லப் போனால் முதலில் வாயில் வருவது அதுதான், அதை அதற்கே விட்டுவிடலாம். ‘சுருக்கி’ எம்பி3 கோப்பைச் சுருக்குவதோடு குழம்பும். ‘நிரவி’ எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் வீட்டில் வீணையும் வயலினும் பதிவு செய்பவர்களுக்கு நிரவல் என்றால் ஒரு பாடல் வரியை எடுத்துத் தாளத்துக்குள் விரித்துப் பாடுவது, அவர்களிடம் போய் ‘நிரவலைக் கொஞ்சம் குறை’ என்று சொல்ல முடியாது.

முதலில் அந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். வீணையில் மீட்டும் அந்த ஒரு கணம் மட்டும் சத்தம் எகிறும், பின்னால் இழைகிற கமகம் காதுக்கே எட்டாது. நார்மலைஸ் செய்தால் முழுப் பதிவும் ஒரே அளவு ஏறும், இரண்டுக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும். கம்ப்ரசர் அந்த இடைவெளியையே குறைக்கிறது. வரம்பு (இதற்கு மேல் போகும் சத்தத்தைத்தான் அது அமுக்கும்) -18 டெசிபல், விகிதம் 3:1 (வரம்பைத் தாண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும்) என்று வைத்தால், -6-க்குப் போன மீட்டு -14-க்கு இறங்கிவிடும். அப்புறம் மொத்தத்தையும் ஏற்றினால் கமகம் கேட்கும் (மின்விசிறிச் சத்தமும் கூடவே ஏறும், அதைப் பதிவுக்கு முன்பே நிறுத்திவிடுவது நல்லது).

அதனால்தான் ‘வீச்சொடுக்கி’ என்கிறேன். பள்ளி இயற்பியலில் அலையின் வீச்சு படித்திருக்கிறோம், புள்ளியியலில் பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசமும் வீச்சுதான், இங்கே இரண்டு பொருளும் பொருந்துகின்றன. நார்மலைஸுக்கு ‘ஒருசேர ஏற்றம்’ போதும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் புதிதாக வருபவர் நார்மலைஸ் மட்டும் செய்துவிட்டு ஏன் சரியாகவில்லை என்று தவிப்பார்.

அட்டாக் (சத்தம் வரம்பைத் தாண்டியதும் கம்ப்ரசர் அமுக்க எடுக்கும் நேரம்), ரிலீஸ் (சத்தம் இறங்கியதும் பிடியை விட எடுக்கும் நேரம்) இரண்டுக்கும் பிடிநேரம், விடுநேரம். பிடிநேரம் 2, 3 மில்லிவிநாடி என்று வைத்தால் மீட்டின் கூர்மையே மழுங்கிவிடும், 20, 30 என்றால் அது தப்பிக்கும். விடுநேரம் மிகக் குறைவாக இருந்தால் ஒவ்வொரு மீட்டுக்கும் நடுவே தம்புரா பொங்கிப் பொங்கி அடங்கும், சுருதியே ஆடுகிற மாதிரி இருக்கும். பிடி, விடு என்று சொன்னால் எந்தக் குமிழ் எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

மிச்சம் இருப்பது திரெஷோல்டு. மேலே ‘வரம்பு’ என்று எழுதியிருக்கிறேன், ஆனால் சத்தம் ஓர் அளவைத் தாண்டவே விடாத லிமிட்டருக்கு ‘வரம்பி’ வேண்டும் என்று யாராவது கேட்டால் மோதும். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள்.