சொல்லடைவில் இரண்டு ஔவையார்

சங்கப் புலவர்களைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றை வேர்டில் பக்கம் கட்டிக் கொடுத்தேன். முந்நூறு பக்கத்துக்குக் கொஞ்சம் மேல். கடைசியில் புலவர் பெயர்களுக்குச் சொல்லடைவு, அதாவது எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற அகர வரிசைப் பட்டியல். ஆல்ட், ஷிஃப்ட், எக்ஸ் அழுத்தி ஒவ்வொரு பெயராகக் குறித்தவன் நான்தான். மெய்ப்புப் படி போய்ச் சேர்ந்த மறுநாளே நூலாசிரியர் போன் செய்தார். "தம்பி, கபிலர் 141 என்று இருக்கிறதே, 138இல் அல்லவா வருகிறார்?"

புரட்டிப் பார்த்தேன். முதல் கட்டுரையில் எல்லாம் சரி. போகப்போக ஒன்று, இரண்டு, மூன்று பக்கம் தள்ளிக்கொண்டே போனது. சொல்லடைவைப் புதுப்பிக்கும் எஃப்9 விசையை இரவெல்லாம் அழுத்தியும் மாறவில்லை.

காரணம் திரையிலேயே இருந்தது. குறித்த பெயருக்குப் பக்கத்தில் நெளிவு அடைப்புக்குள் எக்ஸ்இ "கபிலர்" என்று புள்ளிக்கோடு போட்ட சங்கேதம் ஒன்று நிற்கும். அது மறைவெழுத்து, அச்சில் வராது. ஆனால் பத்திக் குறி (¶) பொத்தான் போட்டிருந்தால் திரையில் இடம் பிடிக்கும். வரி நீளும், பக்கம் தள்ளும். அந்த நிலையில் எஃப்9 அழுத்தினால் தள்ளிப்போன பக்க எண்களைத்தான் வேர்டு எடுத்துக்கொள்ளும். கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 அழுத்தி மறைத்துவிட்டு, சொல்லடைவுக்குள் கர்சரை வைத்து எஃப்9. கபிலர் 138க்கு வந்துவிட்டார்.

அப்புறம்தான் ஔவையாரைக் கவனித்தேன். ஒக்கூர் மாசாத்தியாருக்குக் கீழே ஒருவர், ஓரம்போகியாருக்குக் கீழே இன்னொருவர். பார்வைக்கு ஒரே பெயர். எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் தட்டினேன். ஒன்றில் ஔ முழுதாகப் போனது. மற்றதில் ள மட்டும் போய் ஒ நின்றது. பாதிக் கட்டுரைகளைத் தட்டச்சு செய்தவர் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்திருக்கிறார். நமக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு சொல்.

தேடி மாற்றினேன். 'ஒளி'யில் கை வைத்துவிடக் கூடாதே என்று 'ஒளவை' என முழுதாகவே கொடுத்தேன். கட்டுரைக்குள் மாறியது, சொல்லடைவில் அப்படியே இரண்டு பேர். மறைவெழுத்து திரையில் தெரியாதபோது தேடல் அதற்குள் போகாது. பொத்தானைப் போட்டு மாற்றி, மறுபடி அணைத்துவிட்டு எஃப்9. இந்த வரிசை தெரியாமல் ஒரு முழு நாள் போனது எனக்கு. கௌ, வௌ வரும் சொற்களையும் இப்படியே பாருங்கள்.

*

சார், உங்கள் ஔவையார் கதையைப் படித்தேன். என் தவறு வேறு மாதிரி. சொல்லடைவிலேயே நேராகத் திருத்தினேன். ஒற்று, இடைவெளி, பக்க எண் எல்லாம் இரண்டு இரவு உட்கார்ந்து கையால். அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு எஃப்9. பழைய பிழை அத்தனையும் திரும்பி வந்தது. அழுகையே வந்துவிட்டது. திருத்தம் எதுவானாலும் உள்ளே இருக்கும் எக்ஸ்இ சங்கேதத்தில்தான் செய்ய வேண்டுமாம்.

இன்னொன்று: கட்டுரைத் தலைப்பு "அகம்: ஓர் அறிமுகம்". சொல்லடைவில் அகம் தனியாக, அதன் கீழே உள்தள்ளி 'ஓர் அறிமுகம்' என்று வந்தது. முக்காற்புள்ளி இருந்தால் பின்னால் வருவதை வேர்டு துணைத் தலைப்பாக எடுத்துக்கொள்கிறது. சங்கேதத்தில் முக்காற்புள்ளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டேன், ஒரே வரியாகிவிட்டது. நீங்கள் சொன்ன பேக்ஸ்பேஸ் சோதனையை இன்றைக்கே 'கௌதமர்' மேல் செய்து பார்க்கிறேன். என் கோப்பிலும் அவர் இரண்டு இடத்தில் இருக்கிறார்.