மாதவிலக்குக்கு முந்தைய வாரம்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

தக்கலை, ஆசிரியை

இங்கே எழுதுகிறவர்களுக்கு அந்த வாரத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை என்பதால் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆறு ஆண்டுகளாகியும் என் மனத்தை விட்டுப் போகாமல் இருப்பது ஒரு விடுப்புப் பதிவேடு. விண்ணப்பத்துடன் தலைமையாசிரியையின் முன் நின்றபோது, அவர் கையெழுத்திடாமல் பதிவேட்டின் பழைய பக்கங்களைத் திருப்பி, நான் விடுப்பெடுத்த ஒவ்வொரு நாளின் மேலும் சிவப்புப் பேனாவின் முனையை வைத்துக்கொண்டே போனார். மற்றவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், எல்லோர் காதிலும் விழும்படி, "டீச்சருக்கு இருபத்தெட்டு நாளைக்கு ஒருக்கா தவறாம காய்ச்சல் வருதே, இது என்ன காய்ச்சல்?" என்று கேட்டார்.

அன்று இரவு வீட்டில் நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான்; எல்லா விடுப்பும் மாதவிலக்குக்கு மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு முன்னால் வந்திருந்தது. காய்ச்சல் என்று நான் எழுதிக் கொடுத்த நாட்களில் எனக்குக் காய்ச்சல் இருந்ததில்லை. விடிந்ததும் வகுப்பறையை நினைத்தாலே நெஞ்சு படபடக்கும்; ஒரு பிள்ளை பெஞ்சை இழுக்கும் சத்தத்துக்கே கையை ஓங்கிவிடுவேனோ என்று என்னைப் பார்த்து நானே பயப்படுவேன். என்னை அவமானப்படுத்த நினைத்தவர்தான், எந்த மருத்துவரும் அதுவரை போட்டுப் பார்க்காத கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார் என்பது இன்னும் உறுத்துகிறது.

குலசேகரம், கணவன்

ஆண்கள் எழுதலாமா என்று தெரியவில்லை. கூடாது என்றால் நீக்கிவிடுங்கள். திருமணமாகி மூன்று ஆண்டுகள், என் மனைவிக்கு என் தாயைப் பிடிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். மாதத்தில் இரண்டு வாரம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து மரச்சீனி சீவுவார்கள். அடுத்த வாரம் அம்மா அடுப்பங்கரையில் ஒரு பாத்திரத்தை இடம் மாற்றி வைத்தால்கூட அது பெரிய வழக்காகிவிடும். "மக்களே, அவளுக்கு என்னமோ கூடியிருக்கு, ஒரு சரடு ஓதிக் கெட்டணும்" என்று அம்மா சொன்னார்கள். கட்டவும் செய்தோம்.

ரப்பர் பால்வெட்டுக்குப் போவதற்காக நான் ஒருநாள் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்தபோது அவள் படுக்கையில் இல்லை. தலையில் கட்டிய விளக்குடன் பின்வாசலுக்குப் போனேன். கிணற்றுச் சுவரின் மேல், கால்களை உள்பக்கமாகத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் முகத்தில் பட்டும் அவள் திரும்பவில்லை. நான் பேசாமல் போய்ப் பின்னாலிருந்து இரு கைகளாலும் சேர்த்துப் பிடித்து இறக்கினேன். மறுநாள் மதியம் அவளுக்கு மாதவிலக்கு வந்தது. அதற்கடுத்த நாள் எதுவுமே நடக்காததுபோல், சாயாவில் சீனி போதுமா என்று கேட்டாள். எனக்கு வந்தது நிம்மதி இல்லை, கோபம். அந்த இரவு நடந்தது நடிப்பென்றே எனக்குத் தோன்றியது. அந்தக் கோபத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிறகு ஹார்மோன் பரிசோதனைகள் எல்லாவற்றையும் செய்தோம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தாள் வந்தது, அது எங்களை இன்னும் குழப்பியது. கடைசியில் மனநல மருத்துவர்தான் நோயின் பெயரைச் சொன்னார்: பி.எம்.டி.டி., மாதவிலக்குக்கு முன் வரும் கடுமையான மனநிலைக் கோளாறு. அவர் எழுதிக் கொடுத்த ஃப்ளுவாக்செட்டின் என்னும் மனச்சோர்வு மாத்திரையை வாங்க உள்ளூர் மருந்துக்கடைக்குப் போகாமல் மார்த்தாண்டம் வரை பேருந்தில் போய்வந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பூதப்பாண்டி, வயது 68

இதையெல்லாம் படிக்கும்போது, எங்கள் காலத்தில் இப்படி ஒரு நோயே இருந்ததில்லையே என்று தோன்றுகிறது. தக்கலை மகளே, உனக்கு வேண்டியது மருத்துவரில்லை, உளுந்தங்கஞ்சியும் நல்லெண்ணெயும் ஓய்வும்தான். என் தாயார் தீண்டாரியானால் பின்னால் உள்ள சாய்ப்பில் பாயை விரித்து மூன்று நாள் படுத்திருப்பார். யாரும் அவரை வேலை சொல்ல மாட்டார்கள். அந்த ஓய்வை நீங்கள் தீட்டென்று சொல்லி ஒழித்துவிட்டீர்கள், இப்போது மாத்திரை தேடுகிறீர்கள். தெரிசனங்கோப்பில் என் மகள் வீட்டிலும் இதே கதைதான். அவளுக்கும் உளுந்தைத்தான் கொடுத்தேன்.

ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. சாய்ப்புக்குப் போவதற்கு முந்தைய நாட்களில் நாங்கள் பிள்ளைகள் அம்மாவின் அருகில் போக மாட்டோம். ஒருமுறை தோசைக்கல்லை முற்றத்தில் வீசினார். அது தென்னைமரத்தில் பட்டு இரண்டாக உடைந்தது. வறுமையினால் வந்த கோபம் என்று அப்பா சொன்னார்.

கருங்கல்

பூதப்பாண்டி அம்மா, கோபித்துக்கொள்ளக் கூடாது. சாய்ப்பில் கிடைத்த ஓய்வு இரத்தப்போக்கு தொடங்கிய பிறகு வந்தது. நாங்கள் பேசுவது அதற்கு முந்தைய நாட்களை. தோசைக்கல் எந்த நாளில் பறந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

என்னுடைய கதை வேறு. மண்டைக்காட்டு பகவதி அம்மன் கோயில் மாசிக்கொடைக்கு இருமுடி சுமப்பதாக நேர்ந்திருந்தேன். தேதி இடித்ததால், அண்டை வீட்டு மைனி சொன்னபடி, எந்த மருத்துவரையும் கேட்காமல், மாதவிலக்கைத் தள்ளிப்போடும் நோரெதிஸ்டிரோன் மாத்திரையை நாளுக்கு மூன்றாகப் போட்டேன். ஏழாம் நாள் வரிசையில், கையில் மண்டையப்பத்துடன் நிற்கும்போது, காரணமே இல்லாமல் அழுகை வந்தது. தலைவலி தீர வேண்டி வைக்கிற அப்பத்தைப் பிடித்துக்கொண்டு, தலை வெடிப்பதுபோல் அழுதேன். பின்னால் நின்ற பாட்டி, அம்மன் இறங்கிவிட்டாள் என்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அந்தக் கையின் சூடு இன்னும் என் பாதத்தில் இருக்கிறது. அது ஒரு மாத்திரையின் வேலையாகவும் இருக்கலாம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இராஜாக்கமங்கலம், ஓய்வுபெற்ற செவிலியர்

என் அனுபவம் இரண்டு வரிதான். முப்பது ஆண்டுகள் வீடு வீடாகப் போய்த் தடுப்பூசிக் கணக்கும் பிரசவக் கணக்கும் எழுதினேன். மாதவிலக்குக்கு முன் மனம் எப்படி இருக்கிறது என்று ஒரு பெண்ணிடமும் கேட்டதில்லை. எங்கள் பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

கேட்காத அறிவுரை என்று நினைத்தாலும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். குலசேகரம் தம்பி, உன் மனைவியின் ஹார்மோன் அளவு சரியாக இருந்ததில் வியப்பில்லை. இந்த நோயில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கருமுட்டை வெளிப்பட்ட பிறகு ஏறும் புரோஜெஸ்டிரோன் உடலில் அல்லோபிரெக்னனோலோன் என்னும் பொருளாக மாறி, மூளையில் அமைதியைத் தரும் காபா என்னும் வேதிப்பொருளை ஏற்கும் வாங்கிகளின் மேல் வேலை செய்கிறது. பெரும்பாலான பெண்களை அது அமைதிப்படுத்தும். சிலருக்கோ அந்த ஏற்ற இறக்கமே பதற்றமாகவும் எரிச்சலாகவும் திரும்புகிறது. கோளாறு ஹார்மோனின் அளவில் இல்லை, அதை மூளை ஏற்றுக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது. இத்தகைய பெண்களின் உயிரணுக்கள் இந்த ஹார்மோன்களுக்கு வேறுவிதமாக எதிர்வினை காட்டுகின்றன என்று அமெரிக்கத் தேசிய உடல்நலக் கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். ஆகவே நடிப்பு என்ற சொல்லை விட்டுவிடு. பி.எம்.டி.டி. என்னும் இந்தக் கடுமையான வகையை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் தனி நோயாகத் தன் கையேட்டில் சேர்த்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இது இருக்கிறது.

ஆனால் எடுத்தவுடன் இந்தப் பெயரை ஒட்டிக்கொள்ளவும் கூடாது. குறைந்தது இரண்டு மாதவிலக்குச் சுழற்சிகளுக்கு, நினைவிலிருந்து எழுதாமல் அன்றன்று இரவே, எரிச்சல், அழுகை, பதற்றம், தூக்கம், மார்பு வலி ஆகியவற்றுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டு எழுதிவர வேண்டும். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் அந்த எண்கள் ஏறக்குறைய அடிமட்டத்துக்கு இறங்கினால்தான் அது இந்த நோய். இறங்காமல் மாதம் முழுக்க உயர்ந்தே இருந்து, கடைசி வாரத்தில் மட்டும் இன்னும் ஏறினால், அடியில் மனச்சோர்வு போன்ற வேறொரு நோய் இருக்கக்கூடும். அதற்குச் சிகிச்சை வேறு. தைராய்டையும் இரத்தசோகையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கருங்கல் தங்கை, தள்ளிப்போடும் மாத்திரை எல்லோரையும் அழவைக்காது. ஆனால் புரோஜெஸ்டிரோனைப் போன்ற செயற்கை மருந்துகள் சிலரின் மனநிலையைக் குலைப்பதுண்டு. இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து கட்டியவர்களுக்குத் தள்ளிப்போடும் மாத்திரை ஆகவே ஆகாது, மைனியின் சீட்டில் வாங்குகிற மருந்தும் அல்ல. இன்னொரு பக்கம், டிராஸ்பிரினோன் கலந்த ஒரு கருத்தடை மாத்திரைக்கு இந்த நோய்க்கென்றே 2006இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. ஒருத்தியைக் கெடுப்பது இன்னொருத்தியைத் தேற்றும். அதனால்தான் பக்கத்து வீட்டைக் கேட்காதே என்கிறேன்.

ஃப்ளுவாக்செட்டினைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: மனச்சோர்வுக்குக் கொடுக்கும்போது பலன் தெரியச் சில வாரங்களாகும், இந்த நோயில் சில நாட்களிலேயே தெரியும். அதனால் மருத்துவர் பலருக்கு மாதவிலக்குக்கு முந்தைய பதினான்கு நாட்கள் மட்டும் போடச் சொல்வார். குமட்டலும் தூக்கக் குறைவும் தொடக்கத்தில் வரலாம். மாதவிலக்குக்கு முந்தைய தொந்தரவு உள்ளவர்களுக்குக் கால்சியம் நாளுக்கு 1200 மில்லிகிராம் உதவியதாக 1998இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. உணவில் கிடைப்பதையும் சேர்த்துப் பார்த்து, மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள். வைட்டமின் பி6ஐ நல்லதென்று அள்ளிப் போட்டால் நரம்பு மரத்துப் போகும். பூதப்பாண்டி அக்கா, உளுந்தங்கஞ்சியை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் குடித்து வளர்ந்தவள்தான். கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தவளுக்கு அது போதாது. அத்தகைய எண்ணம் வருகிற நாளில் மருத்துவரின் நேரத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் நேராகப் போகலாம்.

பூதப்பாண்டி, வயது 68

தெரிசனங்கோப்புக்கு இன்று தொலைபேசியில் பேசினேன். எந்த நாளில் கோபம் வருகிறது என்று மகளிடம் கேட்டேன். சிறிது நேரம் பேசவில்லை, பிறகு, "இத்தனை வருசத்துல இப்பதான் கேக்குறீங்களாம்மா?" என்றாள். ஒன்று முதல் ஆறு வரை என்பதில் ஒன்று குறைவா, ஆறு குறைவா என்று செவிலியர் அம்மா சொல்ல வேண்டும்.

இராஜாக்கமங்கலம், ஓய்வுபெற்ற செவிலியர்

ஒன்று என்றால் இல்லை, ஆறு என்றால் தாங்கவே முடியவில்லை, அக்கா.

தக்கலை, ஆசிரியை

குலசேகரம் அண்ணன் மருந்துக்கடையைப் பற்றி எழுதியதால் இதையும் சேர்க்கிறேன். நானும் முதல் நான்கு மாதம் நாகர்கோவிலில்தான் வாங்கினேன். இப்போது எங்கள் ஊர்க் கடையிலேயே வாங்குகிறேன். ஃப்ளுவாக்செட்டினைப் பதினான்கு நாள் போடுகிறேன், எண் ஆறிலிருந்து மூன்றுக்கு வந்திருக்கிறது, சில மாதம் நான்கு. விடுப்பு விண்ணப்பத்தில் காய்ச்சல் என்று எழுதுவதை நிறுத்திவிட்டேன். உடல்நலக் குறைவு என்று எழுதுகிறேன். தலைமையாசிரியை பணி ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதம் வடசேரிச் சந்தையில் நேந்திரங்குலைக்கு விலை பேசிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும், "டீச்சர், உடம்புக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். கேலியா, அக்கறையா என்று எனக்குப் பிடிபடவில்லை. நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.