கதை கேம்களில் நம் தேர்வுக்கு மதிப்பு இருக்கிறதா?

கேள்வி:
'டெட்ராய்ட்: பிகம் ஹியூமன்' கேம் வாங்கலாமா? பட்டனை அமுக்கிக்கொண்டே படம் பார்ப்பதுதானே, இதில் விளையாட்டு எங்கே என்கிறார்கள்.

பதில் 1:
முதல் அத்தியாயத்தையே எடுத்துக்கோங்க. மாடி விளிம்பில் ஒரு ஆண்ட்ராய்டு (மனித உருவ ரோபோ), ஒரு சிறுமியைப் பிடித்து வைத்திருக்கிறது. நாம் இயக்கும் துப்பறியும் ஆண்ட்ராய்டு கானர் நேராக அங்கே போனால் வெற்றி வாய்ப்பு குறைவு. வீட்டுக்குள் தடயம் தேடத் தேட அந்தச் சதவீதம் திரையிலேயே ஏறும். சிறுமியைப் பிடித்திருக்கும் ஆண்ட்ராய்டின் பெயர் டேனியல் என்று கண்டுபிடித்தால் பெயர் சொல்லியே பேச்சைத் தொடங்கலாம். துப்பறிவதே இங்கே விளையாட்டு.

அத்தியாயம் முடிந்ததும் நம் தேர்வுகளால் கதை எப்படிப் பிரிந்தது என்று காட்டும் கிளைப்படம் வரும், போகாத வழிகளில் பூட்டு தெரியும். உடனே திரும்பிப் போய் மாற்றாதீங்க. முதல் முறை தவறுகளோடே கடைசிவரை போங்க. எளிய நிலையில் பாத்திரங்கள் சாவது அபூர்வம், பதற்றமே போய்விடும். கடின நிலையே சரி.

பதில் 2:
எல்லா கேமிலும் நம் தேர்வு கதையை அப்படி மாற்றிவிடாது. 2012இல் வந்த 'தி வாக்கிங் டெட்' முதல் எபிசோடில் இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். யாரைக் காப்பாற்றினாலும் அவர் மூன்றாவது எபிசோடைத் தாண்ட மாட்டார். கிளை பிரிந்து மறுபடி ஒன்றுசேர்கிறது. ஆனாலும் அந்தச் சில நொடிகளில் முடிவெடுக்கும் தவிப்பு பொய்யில்லை, எனக்கு அதுவே போதும்.

பதில் 3:
விளைவு நிலைக்கணும்னா 'அன்டில் டான்' (2015). எட்டு பேரில் ஏழு பேர் வரை மீட்கப்படலாம், எட்டு பேரும் சாகலாம். தானாகவே சேவ் ஆகிவிடும், பழைய சேவுக்குத் திரும்ப வழியில்லை. 'அசையாதே' என்று வரும் கட்டங்களில் கை லேசாக நடுங்கினாலே தோல்வி; கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிடுங்க.