சைதாப்பேட்டை தண்டவாளத்து ஓரம் இருக்குற தாத்தா பாட்டி, சேர்ந்து தங்க இடம் வேணும்

சைதாப்பேட்டை ஸ்டேஷன் தாண்டி அடையாறு பாலத்துக்கு முன்னாடி, தண்டவாளத்த ஒட்டி ஃப்ளெக்ஸ் பேனர கட்டிக்கிட்டு ஒரு தாத்தாவும் பாட்டியும் இருக்காங்க, ரெண்டு பேருக்கும் எழுபது கிட்ட இருக்கும். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ரயில்வே சட்டம் 147வது பிரிவு படி அங்க இருக்கறதே தப்புதான், அதுல நான் வாதம் பண்ண வரல. ஒவ்வொரு ட்ரெயின் வரும்போதும் பாட்டி ஒரு கால்ல பேனர் ஓரத்த மிதிச்சுக்கிட்டு சோத்துப் பானைய தட்டால மூடுறாங்க, நாள் பூரா இதே வேலை.

ரெண்டு காப்பகத்துல நேர்லயே கேட்டுட்டேன், ஒண்ணு ஆம்பளைங்களுக்கு மட்டும், இன்னொண்ணு பொம்பளைங்களுக்கு மட்டும். பிரிஞ்சு போக ரெண்டு பேருமே ஒத்துக்கல. தாத்தாவுக்கு சுகர், இடது பாதத்துல ஒரு மாசமா ஆறாத புண்ணு, கண்ணும் மங்கல், மாத்திரை எடுத்துக் குடுக்குறதே பாட்டிதான், அப்புறம் எப்படிப் பிரிக்கிறது? வாடகைக்கு ரூம் பாத்தேன், அட்வான்ஸ நாங்க நாலு பேர் போட்டுக்குவோம், ஆனா ஆதார் கேக்குறாங்க. அது 2023 டிசம்பர் வெள்ளத்துல போயிடுச்சாம், நம்பரும் ஞாபகம் இல்ல. ரேகை வச்சு எடுக்கலாம்னு கூட்டிட்டுப் போனா பாட்டிக்கு ரேகையே விழல, வீட்டு வேலைல பாத்திரம் தேச்சு தேச்சு விரல் வழவழன்னு ஆயிடுச்சு. முதியோர் உதவி எண் 14567க்கு நேத்துதான் போன் பண்ணி விவரம் சொல்லியிருக்கேன்.

சென்னைக்குள்ளயோ, இல்லன்னா தாம்பரம், செங்கல்பட்டு பக்கமோ, ஆதார் இல்லாம புருஷன் பொண்டாட்டிய ஒண்ணா சேத்துக்கிற காப்பகம் எது, யாராவது நேர்ல போய்ப் பாத்தவங்க சொல்லுங்க?